அச்சம் தணிக்கும் மருந்துகள்

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்பை நாடிச் சென்ற தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் அது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சாம்பியன் ரீப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அங்கு எடுத்த தங்கத்தின் கதையைப் பலர் சொல்லியிருக்கின்றனர். நாம் இப்போது பேச எடுத்துக்கொண்டது, அங்கு இறங்கியவர்கள் ஒவ்வொரு நாளும் தம்மோடு கொண்டு சென்ற அச்சத்தையும், அச்சத்தைத் தணிப்பதற்கென்று மனிதன் கண்ட மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்பதையும் பற்றியது.

அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 பாகை சென்டிகிரேடுக்கு மேல். வெப்பத்தையாவது குளிர்காற்றை உட்செலுத்திக் குறைக்கலாம். தலைக்கு மேலுள்ள மலையளவு பாரத்தை என் செய்வது? தங்கம் தாங்கிய பாறையைக் குடைந்தெடுத்த வெற்றிடத்தைச் சுற்றிலும் அந்தப் பாரம் வந்து அழுந்தும். தாங்கும் மட்டும் தாங்கிய பாறை, ஏதோ ஒரு கணத்தில் பீரங்கி வெடித்தாற்போல் வெடித்துச் சிதறும். முற்காலத்தில் இதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். பின்னர் ‘ராக் பர்ஸ்ட்’ என்ற பெயர் நிலைத்தது. 1962-ஆம் ஆண்டு டிசம்பரில் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் நேர்ந்த பெருவெடிப்பு இவற்றுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று. இத்தகைய வெடிப்பின் அதிர்வு மேலே வீடுகளிலும் உணரப்படும்; அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு, கீழே யாருக்கோ என்னவோ ஆயிற்று என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். யாருக்கு என்பதுதான் தெரியாது. பாறைகளின் இயல்பை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் 1988-ஆம் ஆண்டில் இவ்வூரிலேயே நிறுவப்பட்டது தற்செயலன்று.

பாறை வெடிப்பதற்கு முன்னர்ச் சில வேளைகளில் முறுகும், நொறுங்கும், மெல்லச் சடசடக்கும். அனுபவமுள்ள தொழிலாளியின் செவி இதற்காகவே விழித்திருக்கும். அந்த விழிப்பு அவரைக் காக்கும் அச்சம். ஆனால் அதே தொழிலாளி விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று திண்ணையில் படுத்திருக்கும்போது, காற்றில் கதவு அடிபடும் ஓசைக்குத் துள்ளி எழுந்து, வியர்த்து, விடியும்வரை உறங்காமல் கிடந்தால், அது வேறு. முன்னதற்கு ஒரு பொருள் உண்டு. பின்னதற்குப் பொருள் கழன்றுவிட்டது. அச்சம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சொல்லில் பிடிப்பது எளிதன்று. ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கும் பணியிலேயே நாட்களைக் கழிக்கும் நமக்கு, ‘ஆங்ஸைட்டி’ என்ற ஒரு சொல் எத்தனையோ முறை முட்டுக்கட்டையாக நின்றதுண்டு. கவலை என்றால் குறைவு. பீதி என்றால் மிகை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அதற்குரிய நிலைக்களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன் என்னும் நான்கைக் குறிக்கிறார். நான்கும் விரலால் சுட்டிக் காட்டக்கூடியவை. நமக்குப் புறத்தே நிற்பவை. சுட்டிக் காட்ட எதுவும் இல்லாதபோது எழும் நடுக்கத்திற்கு மக்கள் உடம்பிலிருந்துதான் சொல் எடுக்கின்றனர். ‘வயிற்றைப் பிசைகிறது’ என்பர். ‘நெஞ்சு படபடக்கிறது’ என்பர். ‘கை கால் ஓடவில்லை’ என்பர். இப்பேச்சில் நாம் ‘பதற்றம்’ என்ற சொல்லைக் கொள்வோம்.

மக்கள் வழக்கு உடம்பைச் சுட்டுவதில் உண்மை இருக்கிறது. மூளையின் இருபுறத்திலும், செவிக்கு நேர் உள்ளே, வாதுமைப் பருப்பின் வடிவில் ஒரு சிறு நரம்புத் திரள் அமைந்திருக்கிறது. அதன் பெயராகிய ‘அமிக்டலா’ என்பதற்கே வாதுமை என்றுதான் பொருள். நியூயார்க்கில் ஜோசப் லெடூ என்ற அறிஞர் 1980-களில் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் இதன் வேலையைத் தெளிவாக்கின. ஓர் ஓசையை எழுப்பி, உடனே எலிக்கு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தனர். சில தடவைகளுக்குப் பின் ஓசை மட்டும் எழுந்தாலே எலி உறைந்து நின்றது. அமிக்டலாவைச் சிதைத்துவிட்டால் அவ்வாறு நிற்கவில்லை. ஓசையின் செய்தி, ‘இஃது என்ன?’ என்று மூளை ஆராய்ந்து முடிப்பதற்கு முன்னரே, குறுக்கு வழியாக அமிக்டலாவை அடைந்துவிடுகிறது. அங்கிருந்து புறப்படும் ஆணையால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, உள்ளங்கை ஈரமாகிறது. திண்ணையில் துள்ளி எழுந்தவரின் உடம்பில் நிகழ்ந்தது இதுவே. கதவுதான் அடிபட்டது என்று அறிவு சொல்வதற்குள் உடம்பு சுரங்கத்துக்குள் போய்விட்டது.

பதற்றத்திற்கு மருந்து தேடுவது இன்று நேற்று வந்ததன்று. மிகப் பழைய மருந்து மது. ஷிப்ட் முடிந்து மேலேறிய தொழிலாளி நேரே சாராயக் கடைக்குச் சென்றதை ஒழுக்கக்கேடு என்று கண்டித்தவர் பலர். குடியால் அழிந்த குடும்பங்களை எண்ணும்போது அக்கண்டனத்தைத் தவறென்று சொல்ல நமக்கு மனமில்லை. ஆயினும் அவர் அங்கே தேடியது பெரும்பாலும் இன்பத்தையன்று, உறக்கத்தை. பிற்காலத்தில் மருந்துக் கம்பெனிகள் மாத்திரையாக விற்ற பொருள் மூளையில் எந்தக் கதவைத் தட்டுகிறதோ, அதே கதவைத்தான் சாராயமும் தட்டுகிறது. இதனை அன்று கண்டித்தவரும் அறியார், குடித்தவரும் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவரிடம் புரோமைடு உப்பு இருந்தது. 1903-ஆம் ஆண்டிலிருந்து பார்பிட்டுரேட் என்னும் உறக்க மருந்துகள் வந்தன. அளவு சற்று மிகுந்தால் மூச்சே நின்றுவிடும் மருந்துகள் அவை. உறங்க வைக்காமல் அமைதி மட்டும் தரும் மருந்து உண்டா என்ற கேள்விக்கு முதல் விடை நம் நாட்டிலிருந்து சென்றது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேல்நாட்டு நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவதால் நாமாவது நின்று பார்ப்போம்.

சர்ப்பகந்தி என்னும் சிறு செடியின் வேரை ஆயுர்வேத வைத்தியர்களும் நாட்டு வைத்தியர்களும் பாம்புக் கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தப் பிரமைக்கும் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். பீகார்ப் பகுதியில் ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்திய மருந்து, என்றே அதற்குப் பெயர். 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இவ்வேர் மிகு இரத்த அழுத்தத்தையும் சித்தக் கலக்கத்தையும் தணிப்பதாக ஓர் இந்திய மருத்துவ ஏட்டில் எழுதினர். அதே காலத்தில் டில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, வேரினின்றும் பல காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். மேனாடு இவற்றைக் கவனிக்கவில்லை. 1949-ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், இம்மருந்தை மிகு இரத்த அழுத்த நோயாளிகள் 50 பேருக்குக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய நோய் ஏட்டில் வெளியிட்ட பின்னரே கவனம் திரும்பிற்று.

1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனியின் ஆய்வாளர்கள் வேரின் முதன்மைச் சத்தைப் பிரித்து ‘ரெசர்பின்’ என்று பெயரிட்டனர். இரத்த அழுத்தத்திற்காக மருந்துண்டவர்கள் மனமும் அமைதியுறுவதைப் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டனர். இந்தப் புதுவகை அமைதியைக் குறிக்க 1953-ஆம் ஆண்டில் அதே கம்பெனியின் அறிஞர் ஒருவர் ‘டிராங்குவிலைசர்’ என்ற சொல்லை வழங்கினார். ஆக, உலகெங்கும் பரவிய அச்சொல் முதன்முதலில் ஒட்டிக்கொண்டது சர்ப்பகந்தியின் வேரில். 1957-ஆம் ஆண்டில் டாக்டர் வகீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ரெசர்பின் மூளையைப் பற்றிக் கற்பித்தது அதனால் குணமடைந்தோர் தொகையைவிடப் பெரிது என்பது நம் கருத்து. ஒரு நரம்பணு மற்றோர் அணுவுக்குச் செய்தி சொல்ல, சில இரசாயனப் பொருள்களைச் சிறு சிறு பைகளில் சேமித்து வைத்து வேண்டும்போது வெளிவிடுகிறது. ரெசர்பின் அந்தச் சேமிப்பைக் காலியாக்கிவிடுகிறது. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராடி என்பாரின் ஆய்வுக்கூடம், ரெசர்பின் கொடுத்ததும் மூளையில் செரோட்டோனின் குன்றுவதைக் காட்டிற்று. மனநிலையில் தோன்றும் மாறுதலுக்கும் மூளையிலுள்ள ஒரு பொருளின் அளவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது. ஆனால் சேமிப்பு முழுவதையும் வெறுமையாக்கும் மருந்து அமைதியோடு நிற்குமா? உண்டவர்களுள் சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர். சிலருக்குக் கைகால் விறைத்தன. பதற்றத்திற்கு இன்று அதனை யாரும் கொடுப்பதில்லை.

அடுத்த மருந்து வேறொன்றைத் தேடும்போது கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த பிராங்க் பெர்கர், இங்கிலாந்தில் பெனிசிலின் கெடாமல் காக்கும் பொருளொன்றைத் தேடுகையில், ஒரு பொருள் சுண்டெலிகளின் தசையைத் தளர்த்திச் சாதுவாக்குவதை 1946-ஆம் ஆண்டில் எழுதினார். அமெரிக்கா சென்ற பின் அதன் வழியில் அவர் உருவாக்கிய மெப்ரோபமேட், 1955-ஆம் ஆண்டில் ‘மில்டவுன்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அங்குள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. விற்ற வேகத்தில் மருந்துக் கடைகளில் ‘இருப்பு இல்லை’ என்று பலகை தொங்கியதாம்.

மூன்றாவது மருந்தின் கதை இன்னும் வேடிக்கையானது. நியூஜெர்ஸியில் ரோஷ் கம்பெனியில் பணிபுரிந்த லியோ ஸ்டெர்ன்பாக், பல பொருள்களைச் செய்து பார்த்துப் பயன் காணாமல், கடைசியாகச் செய்த ஒன்றைச் சோதனைக்கும் அனுப்பாமல் அலமாரியில் வைத்துவிட்டார். 1957-ஆம் ஆண்டில் ஆய்வுக்கூட மேசையை ஒழித்துச் சுத்தம் செய்கையில் உடன் பணியாற்றியவர் அதனைக் கண்டெடுத்தார். வீசி எறிவதற்கு முன் ஒரு முறை சோதிப்போமே என்று அனுப்பினர். அதுதான் 1960-ஆம் ஆண்டில் ‘லிப்ரியம்’ என்று வெளிவந்த குளோர்டயாசெபாக்சைடு. 1963-ஆம் ஆண்டில் அதன் தம்பியாக ‘வேலியம்’ என்னும் டயாசெபாம் வந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பிற்காலத்தில் வழங்கலான அல்பிரசோலம், லோரசெபாம், குளோனசெபாம் யாவும் பென்சோடயாசெபின் என்னும் இந்தக் குடும்பத்தின் பிள்ளைகளே. எண்ணிப் பாருங்கள்: கோடிக்கணக்கானோர் இவற்றை விழுங்கத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகியும், இவை மூளையில் எங்கே போய் என்ன செய்கின்றன என்பதை ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

அறிய உதவிய திறவுகோல் வேறோர் இடத்தில் முன்னமே கிடைத்திருந்தது. 1950-ஆம் ஆண்டில் யூஜின் ராபர்ட்ஸ், ஜார்ஜ் அவபாரா என்ற இருவரும் தனித்தனியே, மூளையில் காமா அமினோ புயூட்டிரிக் அமிலம் என்னும் பொருள் மிகுதியாக இருப்பதைக் கண்டனர். பெயர் நீளமாதலால் ‘காபா’ என்று சுருக்கி வழங்குவர். நரம்பணுக்களைத் தூண்டும் பொருள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலத்தில், இது அவற்றை அடக்கும் பொருள் என்பது 1950-களின் பிற்பகுதியில் புலனாயிற்று.

சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்கு நன்கு விளங்கும் ஓர் உவமை சொல்லலாம். தொழிலாளரை ஏற்றிய கூண்டைச் சுரங்கத்துக்குள் இறக்குவது மேலே நிற்கும் வைண்டிங் இயந்திரம். அதனை இயக்குபவரின் கை எப்போதும் பிரேக்கின்மேல் இருக்கும். இயந்திரத்திற்கு ஓடும் சக்தி எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது தடுக்கும் சக்தி. மூளையில் அந்தத் தடுக்கும் கை காபா. நரம்பணுவின் புறத்தோலில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி ஒரு வாயிலாக அமைந்திருக்கின்றன. காபா வந்து பொருந்தியதும் வாயில் திறக்கிறது. நாம் உண்ணும் உப்பின் ஒரு கூறாகிய குளோரைடு மின்துகள்கள் உள்ளே பாய்கின்றன. அணுவின் உட்புறத்தில் எதிர்மின் தன்மை மிகுகிறது. தூண்டுதல் வந்தாலும் அணு எளிதில் கிளர்ந்தெழுவதில்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். பென்சோடயாசெபின் அவ்வாயிலைத் தானே திறப்பதில்லை. காபா பொருந்தும் இடத்தை விடுத்து, இரு துண்டுகளுக்கு இடையேயுள்ள வேறொரு பொருத்தில் சென்று அமர்கிறது. அமர்ந்தபின், காபா தட்டும்போதெல்லாம் வாயில் முன்னிலும் அடிக்கடி திறக்கிறது. பிரேக்கைப் பிடித்திருக்கும் கையின்மேல் மற்றொரு கையை வைத்து அழுத்தியதுபோல் என்று கொள்க. கீழே ஒரு கை இல்லாவிடில் மேலே வைத்த கைக்கு வேலையில்லை. பார்பிட்டுரேட்டோ வாயில் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுவதோடு, அளவு மிகுந்தால் காபா இல்லாமலே திறந்துவிடும். இழுத்த பிரேக்கை விடாது. பழைய மருந்தில் மூச்சு நின்று இறந்தவர் பலராயிருக்க, புதிய மருந்தைத் தனியே உண்டவர் பெரும்பாலும் பிழைத்ததன் காரணம் இதுவே. தனியே என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மதுவும் இதே வாயிலில் வேலை செய்வதால், இரண்டும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

1977-ஆம் ஆண்டில் டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் ஆய்வாளர்கள், இம்மாத்திரைக்கென்றே மூளையில் பொருத்துகள் இருப்பதைக் கதிரியக்கம் ஊட்டிய மருந்தைக் கொண்டு காட்டினர். 1987-இல் வாயிலின் மரபுக் கூறுகள் படித்தறியப்பட்டன. பின்னர் ஜூரிச் நகரில் ஒரு நுட்பமான சோதனை நடந்தது. வாயிலை ஆக்கும் துண்டுகள் எல்லா இடத்திலும் ஒரே வகையின அல்ல. ஒருவகைத் துண்டில் மாத்திரை பொருந்தாதபடி சுண்டெலியின் மரபுக் கூற்றை மாற்றியபோது, டயாசெபாம் அந்த எலியை உறங்க வைக்கவில்லை. ஆனால் பதற்றம் தணிந்தது. வேறொரு வகைத் துண்டை அவ்வாறு மாற்றியபோது பதற்றம் தணியவில்லை. 1999, 2000 ஆண்டுகளில் இவை வெளியாயின. உறக்கமும் அமைதியும் ஒரே வாயிலின் இரு வேறு வார்ப்புகளின் வழியே வருகின்றன என்பது தெளிவாயிற்று. அமிக்டலாவிலும் அத்தகைய வாயில்கள் நிறைய உண்டு.

இவ்வளவு நேர்த்தியான மருந்துக்குக் குறை என்ன? மூளை கணக்குப் பார்ப்பது. நாள்தோறும் வெளியிலிருந்து ஒரு கை பிரேக்கை அழுத்தினால், மூளை தன் வாயில்களை மந்தப்படுத்திக்கொண்டு, ஓட்டும் விசையை மிகுத்துக்கொள்கிறது. அந்நிலையில் வெளிக்கையைத் திடீரென்று எடுத்தால், கூண்டு அறுந்தது போலத்தான். முன்னிருந்ததினும் கொடிய பதற்றம், உறக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பு. 1961-ஆம் ஆண்டிலேயே, லிப்ரியம் வந்த மறு ஆண்டிலேயே, ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் இதனைக் காட்டி எழுதினார். இருந்தும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை பிரிட்டனில் பரவலாக வெளிவர 1988 ஆயிற்று. இந்தத் தாமதத்தை மன்னிக்க நமக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் இது மருத்துவரின் சீட்டோடு நிற்கவில்லை. தங்கவயலுக்கு அண்டையில் ஆந்திரமும் அப்பால் தெலங்கானமும் உள்ளன. தெலங்கானத்தில் கள்ளில் அல்பிரசோலத்தையும் டயாசெபாமையும் கலந்து விற்றுவந்தனர். 2015-ஆம் ஆண்டில் அக்கலப்படக் கள் திடீரென்று தடுக்கப்பட்டபோது, தாம் இன்னதை உண்டோம் என்றே அறியாத ஏழை மக்கள் பலர் வலிப்பும் சித்தக் கலக்கமும் கண்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களது மூளை தன் கணக்கைச் சரியாகவே பார்த்திருந்தது. இதன் மறுபுறமும் உண்டு: குடியை நிறுத்தியவரின் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுப்பது அதே லிப்ரியந்தான். ஒரே வாயிலாதலால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து மெல்லக் குறைக்க முடிகிறது.

நீடித்த பதற்றத்திற்கு இப்போது முதலில் கொடுப்பது பெரும்பாலும் வேறு மருந்து. ஓர் அணு வெளிவிட்ட செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அதனை அணுக்களின் இடைவெளியில் நிலைக்கச் செய்யும் வகை அது. சில வாரங்கள் கழித்தே பயன் தெரியும். அதனால் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று பத்தாம் நாளே விட்டுவிடுவோர் பலர். இதயப் படபடப்பை மட்டும் அடக்கும் புரோப்ரனலால் மூளைக்கு அமைதி தருவதைவிட உடம்பின் கூச்சலைக் குறைக்கிறது என்பதே பொருந்தும். மருந்தின்றி, அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் பயிற்சியும் நன்கு பயன் தருகிறது. இவற்றையெல்லாம் சாம்பியன் ரீப்ஸிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் நிம்ஹான்ஸில் பெறலாம். 1954-இல் அகில இந்திய மனநல நிலையமாகத் தொடங்கி, 1974-இல் இன்றைய உருவெடுத்த நிலையம் அது.

சுரங்கம் மூடியபின் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோருக்குப் பாறை வெடிப்பின் அச்சம் இல்லை. வேலை நிலைக்குமா, குடியிருக்கும் லைன் வீடு நம்முடையதாகுமா என்பன போன்ற கவலைகள் உண்டு. மாத்திரைக்கு அவற்றின் பெயர் தெரியாது. காபா வாயில் மட்டுமே அதற்குத் தெரியும். உறக்கத்திற்கென்று யாரோ சொல்லிக் கடையில் வாங்கிய பாதி மாத்திரை, முழு மாத்திரையாகி, ஆண்டுக்கணக்கில் நீளும் வீடுகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியின்படி, அல்பிரசோலம், டயாசெபாம் முதலியவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நெடுநாள் உண்டவர் இதைக் கேட்டு அஞ்சி, இன்றிரவே மாத்திரையை வீசிவிடலாகாது. மருத்துவர் வழக்கமாகச் செய்வது, விரைவில் உடம்பை விட்டு நீங்கும் மாத்திரையை நிறுத்தி, நெடுநேரம் தங்கும் டயாசெபாமுக்கு மாற்றி, வாரத்திற்கு ஒருமுறையோ இருவாரத்திற்கு ஒருமுறையோ சிறிது சிறிதாகக் குறைப்பது. சிலருக்கு இதற்குச் சில வாரங்கள் போதும். பல்லாண்டு உண்டவர்களுக்கு ஓராண்டும் ஆகலாம். அதற்குள் மந்தமாகியிருந்த வாயில்கள் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.